எச்.டி. கொடுக்க மறுத்த கேபிள் அக்கா

ஊரே மைசூருக்குள் வந்துகொண்டிருந்தது. நான் வெளியே போய்க்கொண்டிருந்தேன்.

விஜயதசமி. ஜம்பூ சவாரி என்கிற யானை ஊர்வலத்துக்காக நகரத்தின் நடுவில் எல்லாச் சாலைகளையும் அடைத்துவிட்டார்கள். நஞ்சன்கூட்டிலிருந்து வரும் பஸ்கள் பண்டிபாளையா மார்க்கெட்டோடு திரும்பிவிடுகின்றன என்றார்கள். அதனால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். எதிரே குடும்பம் குடும்பமாக ஜனங்கள், அப்பாமார் தோளில் பிள்ளைகள், கையில் சோற்று மூட்டை. யானை மேல் தங்க அம்பாரி போவதைப் பார்க்க வேண்டும் அவர்களுக்கு. இடது கைப்பக்கம் சாமுண்டி மலை வெயிலில் கிடந்தது. ஒரு பெரியவர் என்னை மறித்து, "யானை அந்தப் பக்கம், நீ எங்கே இந்தப் பக்கம் போகிறாய்?" என்று கன்னடத்தில் கேட்டார். சிரித்துவிட்டு நடந்தேன்.

எனக்கு யானை மேல் நினைப்பில்லை. அன்று சாயங்காலம் கேபிள் கம்பெனிக்காரர்கள் கணக்கெடுப்பார்கள். அக்ரஹாரத்துக்குத் தெற்கே ஏழெட்டுத் தெருக்களின் கேபிள் லைன் அக்காவிடம் இருக்குமா, பக்கத்து ஏரியா கேபிள்காரர் கைக்குப் போய்விடுமா என்பது அதில் தெரிந்துவிடும். எச்.டி. பெட்டி வைத்திருக்கும் வீடுகள் கம்பெனி கேட்ட அளவுக்கு இருந்தால் லைன் அக்காவுடையது. முந்தின நாள் மத்தியானம் வரை அந்த அளவு இருந்தது. அதன் பிறகு அக்காவே வீடு வீடாகப் போய் அதைக் கலைத்துவிட்டு வந்தார். ஸ்கூட்டர் ஓட்டியது நான்.

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தத் தெருக்களிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலில் கேபிள் அக்கா. பிற்பாடு, கேலியாகக் கண் டாக்டர் அக்கா. இன்னும் கொஞ்ச நாளில் அந்தக் கேலியே மரியாதையாகிவிட்டது.

நான் மார்டள்ளிக்காரன், கர்நாடகத்துக் காட்டோரத் தமிழ் ஊர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பிறகு ஊரையும் விட்டேன். கல் குவாரி, லாரி கிளீனர், குண்டலுபேட்டைச் செண்டுமல்லிக் காடு, பண்டிபாளையாவில் மூட்டை என்று ஓடிக்கொண்டிருந்தவன். முப்பது வயதைத் தாண்டியும் ஓரிடத்தில் இரண்டு மழைக்காலம் இருந்ததில்லை. ஒருநாள் அக்ரஹாரம் பக்கம் சும்மா நடந்துபோனபோது, ஏணி உச்சியில் சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் வயர் கட்டுவதைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. வாயில் வயர் வெட்டும் நிப்பரைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, சும்மாதானே நிக்கறே? இந்த ஏணியப் பிடி. அஷ்டே, வேற ஒண்ணும் பேடா." அவ்வளவுதான், வேறொன்றும் வேண்டாம் என்று கன்னடம் கலந்து சொன்னார்.

பிடித்தேன். இறங்கி வந்து, "சாப்டியா?" என்றார். "இல்லைங்க" என்றேன். இன்டர்வியூ அவ்வளவுதான். மூன்று வருஷம் இருந்துவிட்டேன்.

அது டிவி மாறிக்கொண்டிருந்த காலம். வயரை டிவியின் முதுகில் நேராகச் சொருகினால் படம் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் அரசாங்கம் அதை நிறுத்தியது. செட்டாப் பாக்ஸ் என்ற பெட்டியை வாங்காத வீடுகளில் எல்லாம் புள்ளி மழை. அடுத்து, தொப்பை டிவிகளைக் கடைக்காரர்கள் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு தட்டை டிவிகளைக் கொடுத்தார்கள். தட்டை டிவியின் அட்டைப்பெட்டியில் எச்.டி. என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு ஜனங்கள் எச்.டி. பார்ப்பதாகவே நம்பினார்கள். டிவி எச்.டி.யாக இருந்தால் போதாது, பெட்டியும் எச்.டி.யாக இருக்க வேண்டும், வருகிற சேனலும் எச்.டி.யாக இருக்க வேண்டும் என்பதை எந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை. மற்ற கேபிள்காரர்கள் சாதா பெட்டியை எடுத்துவிட்டு எச்.டி. பெட்டியை வைத்து, மாதச் சந்தாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அக்கா அப்படிக் கொடுக்க மாட்டார். பரீட்சை வைப்பார்.

இரண்டு பெட்டியையும் ஒரே டிவியில் மாட்டுவோம். இரண்டிலும் ஒரே கிரிக்கெட் மேட்ச். ஒன்று சாதா, ஒன்று எச்.டி. திரையின் மூலையில் சேனலின் பெயர் வருமே, அங்கே எச்.டி. என்ற எழுத்தும் வரும். அந்த மூலையில் அக்கா ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிடுவார். முகங்கள் இரண்டிலும் ஒரே அளவில் தெரியும்படி திருத்துவார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்து, "தினமும் எங்க உக்காந்து பாப்பீங்களோ அங்க உக்காருங்க" என்பார். முன்னால் நகர்ந்து வந்தால் திருப்பி அனுப்புவார். "கண்ணை மூடுங்க" என்பார். நான் ரிமோட்டில் மாற்றுவேன். "திறங்க. இது சாதாவா, எச்.டி.யா?" இப்படி நாலைந்து தடவை. சரியாகச் சொன்னால் எச்.டி. பெட்டி. சொல்லாவிட்டால் சாதா பெட்டி.

"பாத்தா தெரியணும். நான் சொல்லித் தெரிஞ்சா அது படம் இல்ல, பேச்சு" என்பார்.

காசு கொடுக்கத் தயாராக இருப்பவனிடம் உனக்கு இது வேண்டாம் என்றால் அவனுக்கு வரும் கோபத்தை நான் அந்த வீடுகளில்தான் பார்த்தேன். கடன் கேட்டு இல்லை என்றால்கூட அவ்வளவு கோபம் வராது.

கார் கம்பெனி ஷோரூமில் வேலை பார்த்த ஒருவர் வீட்டில் நடந்தது இது. டிவி அன்று காலைதான் வந்திருந்தது. பாலித்தீன்கூடப் பிரிக்கவில்லை. அவர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். முதல் கேள்விக்கே சாதாவை எச்.டி. என்றார். இரண்டாவதும் தப்பு. மூன்றாவது சரி. நான்காவது தப்பு. சமையல்கட்டு வாசலில் தோசைக் கரண்டியோடு நின்ற அவர் மனைவி ஒவ்வொரு தடவையும் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் சரி.

"நீங்க பாஸ்" என்றார் அக்கா அந்த அம்மாவைப் பார்த்து. பிறகு, "ஆனா டிவி யார் பாக்கறது?"

"அவர்தான்" என்றார் அந்த அம்மா.

"அப்போ சாதா போதும்."

"ஏங்க்கா, எனக்குத்தான் நல்லாத் தெரியுதே!"

"நீ எப்பம்மா உக்காந்து பாக்கற? நின்னுட்டே பாக்கறவங்களுக்கு எதுக்கு எச்.டி.?"

அந்த அம்மா கரண்டியை உள்ளே வைத்துவிட்டு வந்தார். சோபாவில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். அவர் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். கடைசியில் கொடுத்துவிட்டார்.

"இனிமே உக்காந்து பாக்கறேன்" என்றார் அந்த அம்மா. அக்கா எச்.டி. பெட்டியை வைத்துவிட்டு வந்தார். படியில் இறங்கும்போது, "அந்த ஆளுக்கு இன்னிக்கு தோசை கிடையாது" என்று சொல்லிச் சிரித்தார்.

நல்லவர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கடுகடுப்பு அதிகம். அக்காவின் லைனிலிருந்து பக்கத்து வீட்டுக்கு யாராவது திருட்டு வயர் இழுத்தால், அதை வெட்டி, வெட்டின துண்டைச் சுருட்டி அவர்கள் வாசல் கோலத்தின் நடுவில் வைத்துவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடியும்வரை படம் நின்றாலும் போனை எடுக்க மாட்டார். புகழ்ந்து பேசினால் பிடிக்காது, வேறு பக்கம் பார்ப்பார்.

இழுத்து நீட்டிய படம் கண்ணில் பட்டால் மட்டும் சும்மா போகத் தெரியாது. தட்டை டிவி வந்த புதிதில் பழைய சதுரப் படத்தை அகலத் திரை முழுக்க இழுத்து வைத்திருப்பார்கள். நடிகைகள் எல்லாம் பருத்திருப்பார்கள். ஒருநாள் ஸ்கூட்டரில் போகும்போது திடீரென்று நிறுத்தச் சொன்னார். இறங்கி நேராக ஒரு முடிவெட்டும் கடைக்குள் போனார். உள்ளே பாதிச் சவரத்தில் இரண்டு பேர். ஒருவர் பனியனோடு இருந்தார், துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"ரிமோட் எங்க?"

கடைக்காரர் கத்தியைக் கையில் பிடித்தபடி, "அக்கா, லேடீஸ் உள்ள வரக்கூடாது" என்றார்.

"நான் உங்க முடிய வெட்ட வரல. அந்தப் பொண்ணு பாவம், அவ ஒல்லியா இருக்கா. நீங்க எதுக்கு அவள இப்படி ஆக்கி வெச்சிருக்கீங்க?"

திருத்திவிட்டு வந்துவிட்டார். அது அக்காவின் லைன்கூட இல்லை.

பரீட்சை வைக்கத் தொடங்கியதும் வீடுகள் குறைந்தன. தேறாதவர்களில் பாதிப் பேர் பக்கத்து ஏரியாக்காரரிடம் போய் எச்.டி. பெட்டி வாங்கிக்கொண்டார்கள். அவர்தான் கண் டாக்டர் என்று பெயர் வைத்தவர். கம்பெனியிலிருந்து ஏரியா மேனேஜர் வந்தார். பெங்களூர்த் தமிழர், மரியாதையான பையன். ஷூவை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அக்கா, ஜனங்க கேக்கறாங்க. நீங்க குடுக்க மாட்டேங்கறீங்க. இது என்ன பிசினஸ்?"

"கேக்கறாங்க, ஹௌது, ஆமா. பாக்கறாங்களா?"

"பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? அவங்க காசு."

"அவங்க காசு. என் லைன்."

அவர் பெருமூச்சு விட்டார். "தசரா வரைக்கும் டைம் வாங்கிட்டு வந்திருக்கேன் அக்கா. விஜயதசமி சாயங்காலம் கணக்கு எடுப்பாங்க. அதுக்குள்ள எச்.டி. வீடுங்க இவ்வளவு இருக்கணும். இல்லேன்னா லைன் கை மாறிடும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் போனதும், "டெஸ்ட்ட நிறுத்திரலாமுங்க" என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஏணியை எடுக்கப் போய்விட்டேன்.

இனி பேங்க் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்ரஹாரத்து ஐயங்கார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து பெரிய டிவி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். முதல் தடவை நாங்கள் போனபோது, "ஏம்மா, என் கண்ணைச் சோதிக்க வந்தயா? சர்வீஸ் பூரா கையெழுத்து பாத்துப் பாத்தே செக் பாஸ் பண்ணினவன் நான்" என்றார். மாமி சிரித்தார்.

எல்லாம் தப்பு. ஒன்றுகூடச் சரியில்லை.

"ரெண்டு பெட்டியும் ஒண்ணுதான், நீ ஏமாத்தறே" என்றார். மாமி, "எனக்கே தெரியறதே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதோடு மாமாவின் முகம் சிவந்தது. எங்களை வெளியே போகச் சொன்னார். மறுநாள் பக்கத்து ஏரியாக்காரரிடம் மாறிவிட்டார். பார்க்கில் நடக்கும்போது, எங்கள் காதில் விழும்படி, "எங்காத்துல எச்.டி.தான்" என்று யாரிடமாவது சொல்வார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் மாமா அக்கா வீட்டு கேட்டில் வந்து நின்றார். குடை பிடித்திருந்தார், மழை இல்லை.

"அந்த டெஸ்ட்டை இன்னொரு தரம் வை. மாமி கோயிலுக்குப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள."

போனோம். இந்தத் தடவை மாமா சேரின் நுனியில் உட்கார்ந்தார். "கண்ணை மூடுங்க" என்றதும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இறுக்கி மூடினார். திறந்ததும் பார்த்துக்கொண்டே இருந்தார். "தெரியலம்மா" என்றார். மாற்றினேன். "தெரியல." இன்னொரு தடவை மாற்றினேன். தலையை மட்டும் ஆட்டினார்.

அக்கா ரிமோட்டை என்னிடமிருந்து வாங்கி டிவியை நிறுத்தினார். ஏணியில் நிற்கும்போது கத்தும் குரல் இல்லை அது. வேறு ஒரு குரலில் பேசினார்.

"மாமா, நானே ஃபெயில். முதல் எச்.டி. பெட்டி கொண்டுவந்து வெச்சப்போ, என் நாத்தனார் மாத்தி மாத்திப் போட்டா. எனக்கு ஒண்ணும் தெரியல. கேபிள் லைன் வெச்சிருக்கேன், படம் தெரியல. யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் போய் கண்ணாடி போட்டேன். கிரவுண்டுல புல்லு புல்லா தெரிஞ்சுது. அன்னிக்கு நினைச்சேன், எனக்குத் தெரியாத ஒண்ண எத்தனை வீட்டுல வித்திருப்பேன்னு. நீங்களும் போய் கண்ணக் காட்டுங்க."

மாமாவுக்குக் கண்புரை. இரண்டு கண்ணிலும். ஒவ்வொன்றாக ஆபரேஷன் செய்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாமி கையைப் பிடித்தபடி தெருவில் நடப்பதைப் பார்ப்பேன். எல்லாம் ஆறிய பிறகு ஆள் அனுப்பினார். இந்த முறை வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தார். அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் வந்து நின்றார்கள்.

"திறங்க" என்றார் அக்கா.

"எச்.டி!" என்று கத்தினார் மாமா. மாற்றினேன். "சாதா. மாத்து. ஆ, எச்.டி! புல்லு தெரியறது. அம்பயர் சட்டையில பட்டன் தெரியறது. ஒரு பட்டன் போடலை அவன்!"

மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னார்: "என் மூஞ்சியைப் பாத்து ஒருநாளும் இப்படிக் கத்தினதில்லை."

"உன் மூஞ்சிக்குப் பெட்டி எதுக்குடி" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே டேப்பைப் பிரித்தார். அன்றே மாமா எங்கள் லைனுக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு தெருக்களின் போக்கே மாறிப்போனது. எச்.டி. வாங்கினோம் என்று யாரும் சொல்லவில்லை, "நாங்க பாஸ்" என்றார்கள். பக்கத்து ஏரியாவில் யார் கேட்டாலும் கிடைக்கும் பொருள், இங்கே தேறினால்தான் கிடைக்கும் என்றதும் அதற்குத் தனி மவுசு. கண்ணைக் காட்டாமல் தள்ளிப் போட்டிருந்தவர்கள் கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். ஒரு வீட்டில் நாங்கள் வருவதற்கு முன்பே சோபாவை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார்கள். அக்கா குனிந்து தரையைப் பார்த்து, "சோபா கால் தடம் அங்க இருக்கு. அங்க போடுங்க, அப்புறம் கண்ணை மூடுங்க" என்றார். அவர்கள் அதற்கும் தேறினார்கள். தசரா நெருங்கியதும் ஊர்வலத்தை எச்.டி.யில் பார்க்க வேண்டும் என்று இன்னும் பல வீடுகள் கேட்டன. அரண்மனை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது, நெரிசலில் நிற்கவும் முடியாது. மைசூர்க்காரர்கள் நிறையப் பேர் தங்கள் தசராவை டிவியில்தான் பார்க்கிறார்கள். எல்லாருக்கும் டெஸ்ட் வைத்தோம். கம்பெனி சொன்ன அளவு வந்துவிட்டது.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் மேனேஜர் போன் செய்தார். அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டு வைத்தார். மேனேஜர் வாழ்த்துச் சொன்னார். பேச்சோடு பேச்சாக, நாளைக்கு ஊர்வலம் காட்டும் சேனல் சாதாவில்தான் வருகிறது என்றார்.

அக்கா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "எச்.டி.ல வராதா?"

"இந்த வருஷம் இல்ல அக்கா. டிவி எச்.டி., பெட்டி எச்.டி., யாருக்குத் தெரியப் போகுது? நீங்களா போய் சொல்லாதீங்க. நாளைக்குச் சாயங்காலம் கணக்கு."

அக்கா மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். தட்டைக் கழுவினார். "வண்டிய எடுப்பா."

"அக்கா, ஒரே ஒரு நாளுங்க. நாளைக்கு ஒருநாள் பேசாம இருந்துக்கலாமுங்க. நாளன்னைக்குச் சொல்லலாம்."

"நாளன்னைக்கு சொன்னா அது சொல்றது இல்ல, மன்னிப்பு கேக்கறது. எடு."

ஸ்கூட்டருக்குத் தெருக்காரர்கள் காலையில்தான் மாலை போட்டிருந்தார்கள். மாலையோடு கிளம்பினோம். எச்.டி. எடுத்த ஒவ்வொரு வீட்டிலும் அக்கா வாசலிலேயே நின்று ஒரே விஷயத்தைச் சொன்னார்: "நாளைக்கு ஊர்வலம் சாதாவாத்தான் வரும். அதுக்காகத்தான் எடுத்தீங்கன்னா பெட்டியத் திருப்பிக் குடுத்துருங்க. சாதா பெட்டி வெக்கறேன்."

யாரும் அன்று கொடுக்கவில்லை. கொடுக்க முடியாது. எல்லா வீட்டிலும் டிவிக்குச் சந்தனம், பெட்டிக்குக் குங்குமம், மேலே ஒரு பூ. ஆயுத பூஜை அன்று பூஜை செய்த பொருளை வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். "நாளைக்கு வந்து எடுத்துக்கோங்க அக்கா" என்றார்கள். ரிமோட் வாங்கிய அந்த அம்மாகூட, "அவர் ஊர்வலத்துக்காகத்தான் இத்தனை நாள் கூடுதல் சந்தா கட்டிட்டிருக்கார்... நாளைக்கு வாங்களேன்" என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பேங்க் மாமா முழுவதும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். எனக்கு அது மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு காலிச் சாக்கை எடுத்து உதறி மடித்து வைத்தார். மறுநாள் பெட்டிகளை வாங்கிப் போட.

"லைன் போயிடும்னா உனக்கு இங்க வேலை இல்லப்பா. ஆய்த்து, முடிஞ்சுது. நீ காலைல கிளம்பு. பண்டிகை நாள்ல எங்கேயாவது ஆள் எடுப்பாங்க."

நானும் சில மாதமாகவே கிளம்பும் நினைப்பில்தான் இருந்தேன், என் கால் அப்படி. சாக்கோடு அவர் வீடு வீடாகப் போவதைப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். சாக்கைக் கக்கத்தில் வைத்தபடியே கேட்வரை வந்தார்.

பண்டிபாளையாவில் பஸ் கிடைத்தது. நஞ்சன்கூட்டில் இறங்கி ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். கடையில் தட்டை டிவி, கூட்டம். அம்பாரி யானை அரண்மனை வாசலில் நின்றது. "என்ன கிளியர்!" என்றார் ஒருவர். "எச்.டி. அண்ணா" என்றார் கடைக்காரர். சாதாதான். நான் பேசாமல் டீ குடித்தேன்.

யானை நகர்ந்து நெடுநேரம் கழித்துப் போன் வந்தது. அக்கா. பின்னால் ஏகப்பட்ட சத்தம்.

"கணக்கு எடுத்தாச்சுப்பா."

நான் எழுந்து வெளியே வந்தேன். "என்னங்க ஆச்சு?"

"ரெண்டு வீட்டுல குடுத்தாங்க. அஷ்டே. மத்தவங்க தர மாட்டேங்கறாங்க. அந்த தோசைக்காரம்மா சண்டைக்கு வர்றா. 'ஊர்வலம் சாதாவா வந்தா நான் பாஸ் பண்ணது பொய்யாயிடுமா'ங்கறா. பேங்க் மாமா என்ன சொன்னாரு தெரியுமா? நான் நேத்து வந்து சொல்லாம இருந்திருந்தா, இன்னிக்கு யானையப் பாத்த அடுத்த நிமிஷம் பெட்டியத் தெருவுல வீசியிருப்பாராம். அவருக்குத் தெரியுமாம், சாதான்னு. பாத்ததும் தெரிஞ்சுதாம்." அக்கா மூச்சு வாங்கினார். "கம்பெனி கேட்ட அளவு குறையல, லைன் இங்கதான் இருக்கு."

டீக்கடைக்காரர் என்ன என்பதுபோல் பார்த்தார். "எங்க அக்கா! மைசூர்ல கேபிள் லைன் வெச்சிருக்காங்க!" என்று அவரிடம் கத்தினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

"திரும்பி வர்றியா?" என்றார் அக்கா.

"இல்லைங்க அக்கா."

"தெரியும். வெச்சிடறேன், டெஸ்ட்டுக்கு மூணு வீடு காத்திட்டிருக்கு."

நான் திரும்பிப் போகவில்லை. நான் இல்லாமலே அக்கா நின்றுவிட்டார் என்பதுதான் அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசி பஸ்ஸைப் பிடித்து சாமராஜநகர் போய், பஸ் ஸ்டாண்டில் படுத்தேன்.

மறுநாள் காலை பட்டு நூற்கும் ஒரு ஷெட்டில் ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். உள்ளே இரண்டு வேலை. ஒன்று, நிழலில் உட்கார்ந்து பட்டுக்கூடுகளைத் தரம் பிரிப்பது. இன்னொன்று, கூடு வேகும் அடுப்புகளுக்கு விறகு சுமப்பது. முதலாளி இரண்டு முறத்தில் கூடுகளை வைத்திருந்தார். "இதில் நல்லது எது, சொத்தை எது, தெரியுமா?" என்று கேட்டார். முன்னால் நின்ற இரண்டு பேரும் முறத்தைப் பார்ப்பதற்கு முன்பே "தெரியும்" என்றார்கள்.

என் முறை வந்தது. நான் இரண்டு முறத்தையும் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போனேன். ஒவ்வொரு கூடாக எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன். இரண்டும் வெள்ளையாக இருந்தன, இரண்டும் கெட்டியாக இருந்தன. முதலாளி அவசரப்படுத்தவில்லை.

"எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஷெட்டின் பின்பக்கம் விறகு அடுக்கியிருந்த இடத்தைக் காட்டினார். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு போனேன்.